மாசியில் முட்டை, பங்குனியில் மேல்பெட்டி

தை முடிந்து பனி விலகத் தொடங்கியதும் தேனீப் பெட்டி வைத்திருக்கும் நண்பர்களிடமிருந்து எனக்கு ஒரே கேள்விதான் வரும். "மேல்பெட்டி வெச்சுடலாங்களா?" அரசு கையேடுகளில் தேன் அறை என்று போட்டிருப்பதைத்தான் நாங்கள் மேல்பெட்டி என்கிறோம். ராணி முட்டையிட்டுப் புழு வளரும் கீழ்ப்பெட்டிக்கு மேலே, தேன் சேர்ப்பதற்கென்று ஏற்றி வைக்கும் உயரம் குறைந்த பெட்டி. வைக்கலாமா வேண்டாமா என்று போனில் ஒரு வரியில் சொல்லிவிட எனக்கு மனசு வருவதில்லை. அந்த ஒரு முடிவில்தான் அந்த வருஷத்துத் தேன் முழுக்க இருக்கிறது. அதனால் விலாவாரியாக எழுதிவிடுகிறேன்.

யூடியூபில் பார்க்கும் வெளிநாட்டு வீடியோக்கள் எல்லாம் பனிக்காலம் முடிந்து முதல் பூ பூத்ததும் பெட்டி ஏற்றச் சொல்கின்றன. அங்கே ஈக்கள் மாதக்கணக்கில் கூட்டுக்குள்ளேயே திரண்டு கிடந்து, வெயில் வந்ததும் வெளியே வருபவை. நம் உடுமலையில் அப்படி ஒரு அடைப்புக்காலம் கிடையாது. ஈ வருஷம் முழுக்கப் பறக்கிறது. இங்கே கஷ்டகாலம் இரண்டு. ஒன்று, ஆனியில் தொடங்கி ஆவணி, புரட்டாசி வரைக்கும் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வந்து அறையும் காற்று. பூளவாடி, குடிமங்கலம் பக்கம் காற்றாலைகளை வரிசையாக நட்டிருப்பது இந்தக் காற்றுக்காகத்தான். அந்தக் காற்றில் ஈ நேராகப் பறக்க முடியாது, பூவில் ஊறுகிற மதுவும் சீக்கிரம் உலர்ந்துவிடும். இன்னொன்று, ஐப்பசி, கார்த்திகை மழை. இந்த இரண்டுக்கும் தப்பிப் பிழைத்த கூட்டம் மார்கழியில் மெலிந்துதான் இருக்கும். ஆக, நமக்குத் தேன் எடுக்கும் காலம் தையிலிருந்து வைகாசி வரைக்கும்தான்.

அந்த ஐந்து மாதத்தில் எது எப்போது பூக்கிறது என்று தெரிந்தவருக்குப் பெட்டி ஏற்றும் நாளும் பாதி தெரிந்த மாதிரி. குடிமங்கலம், பெதப்பம்பட்டி கரிசல் காடுகளில் ஐப்பசி மழைக்கு விதைத்த கொத்தமல்லி மார்கழிக் கடைசியிலும் தையிலும் வெள்ளை வெள்ளையாகப் பூத்துக் கிடக்கும். மழைக்குப் பிறகு கூட்டம் தேறுவதற்கு அதைப்போல ஒரு பூ கிடையாது. தை, மாசியில் மாமரமும் முருங்கையும். பங்குனி பாதியில் புங்கன் பழைய இலை உதிர்த்து, தளிர் விட்டுப் பூக்கும். மரத்தடியில் பூ உதிர்ந்து பாய் விரித்தாற்போலக் கிடக்கிற அந்த நாட்களில் காது கொடுத்தால் மரமே இரைகிறது. கூடவே வேம்பு, நாவல். சித்திரை தாண்டி வைகாசியில் புளி. பிறகு காற்று.

தென்னையை ஏன் விட்டுவிட்டேன் என்று கேட்பீர்கள். நம் ஊரில் பெட்டி வைப்பவர்களில் பெரும்பாலோர் தோப்புக்காரர்கள். காய் பிடிப்பு கூடும் என்று வைத்தவர்கள், தேன் அதற்கப்புறம்தான். தென்னை மாதம் ஒரு பாளை கணக்கில் வருஷத்துக்கு 12 பாளை வரை விடும். ஒரு பாளையில் ஆண் பூக்கள் முதலில் திறந்து, ஏறக்குறைய மூன்று வாரம் மகரந்தம் கொட்டும். பெண் பூ பக்குவப்படுவது அதற்குப் பிறகு, சில நாட்கள்தான். நெட்டை மரங்களில் ஒரே பாளையின் ஆணும் பெண்ணும் ஒரே நேரத்தில் தயாராவது அரிது. ஆகவே இன்னொரு மரத்து மகரந்தத்தைக் கொண்டுவர ஈ வேண்டும். ஈக்கும் இதில் லாபம்தான். தோப்பில் எந்த மாதத்திலும் ஏதாவது ஒரு மரத்தில் பாளை வெடித்திருக்கும், அதனால் பட்டினி வராது. ஆனால் நான் பார்த்த வரைக்கும், தென்னை மட்டுமே உள்ள தோப்பில் கூட்டம் நன்றாக உயிர்த்திருக்கிறது, மேல்பெட்டி மந்தமாகத்தான் நிறைகிறது. வரப்பில் புங்கனும் வேம்பும், வண்டித்தடத்தில் புளியும் நிற்கும் தோட்டத்தில்தான் பெட்டி கனக்கிறது. ஒன்று அன்றாடச் சாப்பாடு, மற்றது சேமிப்பு. மேல்பெட்டி சேமிப்புக்கு உரியது. தென்னையைப் பார்த்து மேல்பெட்டி ஏற்றுபவர்கள் காத்திருந்து சலித்துப்போவது இதனால்தான்.

சரி, புங்கன் பூத்ததும் ஏற்றிவிட்டால் போதுமா? இங்கேதான் பலருக்கும் கணக்குத் தவறுகிறது. நம் நாட்டுத் தேனீயில் முட்டையிட்ட நாளிலிருந்து வேலைக்கார ஈ வெளியே வர ஏறக்குறைய 20 நாள். வந்தவுடனே அது பூவுக்குப் போகாது. அறை சுத்தம் செய்வது, புழுவுக்கு ஊட்டுவது, மெழுகு சுரந்து அடை கட்டுவது, வாசலில் காவல் என்று இரண்டு மூன்று வாரம் உள்வேலை. அதற்குப் பிறகுதான் வெளியே பறந்து மது கொண்டுவரும். கூட்டிப் பார்த்தால் 40 நாள். பங்குனிக் கடைசியில் புங்கனுக்குப் பறக்க வேண்டிய ஈ, மாசி நடுவிலேயே முட்டையாக அறைக்குள் இருந்தாக வேண்டும். பூ வந்த பிறகு கூட்டத்தைப் பெருக்க நினைப்பது, ஷிப்மென்ட் தேதி நெருங்கிய பிறகு டெய்லர் தேடும் பனியன் கம்பெனியின் பாடுதான். புதிய ஈ வேலைக்குத் தயாராகும்போது புங்கம்பூ மண்ணில் கிடக்கும்.

ஆகவே மேல்பெட்டி வேலை தொடங்குவது மாசியில், கீழ்ப்பெட்டிக்குள். அப்போது பார்க்க வேண்டியது ராணி எப்படி முட்டையிடுகிறது என்பதைத்தான். அடையின் நடுவில் இடைவெளி விடாமல் வட்டமாக மூடிய புழு அறைகள் இருக்கின்றனவா? வாசலில் வரும் ஈக்களின் காலில் மகரந்தம் இருக்கிறதா? இருந்தால் கைவைக்க வேண்டாம். மகரந்தம் வருகிறது, மது வரவில்லை, அடையில் சேமித்த தேனும் குறைவு என்றால் சர்க்கரைப் பாகு கொடுக்கலாம். 1 கிலோ சர்க்கரைக்கு 1 லிட்டர் தண்ணீர், சூடாக்கி ஆறவைத்து, சாயங்காலம், கொஞ்சம் கொஞ்சமாக. மது வரத்து இருக்கிறது என்று நம்பி ராணி முட்டையை அதிகரிக்கும்.

இதில் ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்லியே ஆகவேண்டும். மேல்பெட்டி ஏற்றுவதற்கு முன்பே பாகு நின்றிருக்க வேண்டும். ஏற்றிய பிறகு ஒரு கரண்டி பாகு கொடுத்தாலும் அது மேலே ஏறும், தேன் என்று பாட்டிலில் இறங்கும். 2020 டிசம்பரில் டெல்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் கடைகளில் விற்கும் 13 பிராண்டுகளைப் பரிசோதித்து, பெரும்பாலானவற்றில் சர்க்கரைப் பாகு கலந்திருப்பதாக வெளியிட்டது நினைவிருக்கும். அதற்குப் பிறகு நம்மைப்போலத் தோட்டத்தில் எடுத்து விற்பவர்களைத் தேடி மக்கள் வருகிறார்கள். குழந்தைக்கு நாக்கில் தடவ, மருந்துக்குக் குழைக்க என்று நம்பி வாங்குகிறார்கள். அந்த நம்பிக்கைக்கு உரியதைத்தான் நாம் கொடுக்க வேண்டும்.

இப்போது பெட்டிக்கு வருவோம். நம் பக்கம் எல்லோரும் வைத்திருப்பது நியூட்டன் பெட்டி. 1910 வாக்கில் திருச்சிப் பக்கம் இருந்த பாதிரியார் நியூட்டன் நம் நாட்டுத் தேனீயின் அளவுக்கு வடிவமைத்தது. வெள்ளைக்காரர்களின் பெரிய ஈக்கு என்று செய்த பெட்டியில் நம் சின்ன ஈ தங்காமல் ஓடியதைப் பார்த்து, சிறிதாக்கினார்கள். பிறகு 1920களில் மார்த்தாண்டத்தில் ஒய்.எம்.சி.ஏ.வின் ஸ்பென்சர் ஹாட்ச் நடத்திய கிராமப் பணியின் வழியாகக் குமரி மாவட்டத்தில் வீட்டுக்கு வீடு பரவியது. கீழே 7 சட்டங்கள், ஒவ்வொன்றும் ஏறக்குறைய 20 சென்டிமீட்டர் நீளம், 14 சென்டிமீட்டர் உயரம். மேல்பெட்டிச் சட்டத்தின் உயரம் அதில் பாதிக்கும் குறைவு. அளவு சின்னது என்பதால் நெரிசலும் சீக்கிரம் வரும், வெற்றிடமும் சீக்கிரம் உறுத்தும். பெரிய பெட்டிக்காரர்களுக்கு ஒரு வாரம் முன்னே பின்னே ஆனால் பெரிய நஷ்டமில்லை. நமக்கு அது தேன் கிடைப்பதற்கும் கூட்டம் பிரிந்துபோவதற்கும் உள்ள வித்தியாசம்.

பெட்டியைத் திறந்து என்ன பார்ப்பது? முதலில் ஏழு சட்டத்தின் இருபுறமும் ஈ மூடியிருக்க வேண்டும், ஓரச் சட்டங்கள் உட்பட. ஓரத்தில் ஈ இல்லாமல் அடை வெறிச்சோடியிருந்தால் இன்னும் நாள் இருக்கிறது. இரண்டாவது, சட்டங்களின் மேற்பகுதியில் பளிச்சென்ற புது வெள்ளை மெழுகு. பழைய அடையின் பழுப்பு நிறத்துக்கு நடுவே இது தனியாகத் தெரியும். மது வரத்து தொடங்கினால்தான் ஈக்கு மெழுகு சுரக்கும், அதனால் இதைவிட நம்பகமான அடையாளம் எனக்குத் தெரியாது. மூன்றாவது, புழு அறைகளுக்கு மேலே தேன் வளைவு தடித்து, முட்டையிட வேண்டிய இடத்துக்குள் புது மது இறங்கத் தொடங்கியிருக்கும். சட்டத்தைக் கிடையாகப் பிடித்து லேசாக உதறினால் மது சொட்டும். இந்த மூன்றும் சேர்ந்து தெரிந்த அன்றைக்கே மேல்பெட்டி ஏற வேண்டும். நாளைக்கு என்று தள்ள வேண்டாம்.

வாசலில் ஈ கொத்தாகத் தொங்குவதைப் பார்த்துப் பெட்டி ஏற்றுபவர்களும் உண்டு. பங்குனி, சித்திரை வெயிலில் அது ஏமாற்றும் அடையாளம். புழு வளரும் இடத்தை ஈக்கள் 34, 35 டிகிரியில் வைத்திருக்கப் பார்க்கும். வெளியே வெயில் அதைத் தாண்டினால், உள்ளே கூட்டம் குறைந்து காற்றோட்டம் கிடைக்கட்டும் என்று வெளியே வந்து தொங்கும், தண்ணீர் தூக்கி வந்து உள்ளே தெளித்து இறக்கையால் விசிறும். பெட்டியை நிழலுக்கு மாற்றி, பக்கத்தில் ஒரு தொட்டியில் கூழாங்கல் போட்டுத் தண்ணீர் வைத்தால் அது சரியாகிவிடும். காலை வெயில் ஏறுவதற்கு முன்பும் கொத்து கலையாமல் இருந்தால்தான் நெரிசல் என்று கொள்ள வேண்டும்.

அவசரப்பட்டு ஏற்றினால் என்ன ஆகும் என்பதையும் சொல்கிறேன். ஈ மூடிக் காக்க முடியாத அடை மெழுகு அந்துப்பூச்சிக்குத்தான். அது அடைக்குள் முட்டையிட்டு, புழு நூலிழைகளைப் பின்னிக்கொண்டு குடைந்து போகும். நம் நாட்டு ஈ இத்தாலிய ஈயைப்போலப் பொறுத்துப் போகாது. தொந்தரவு கூடினால் கூட்டை அப்படியே விட்டுவிட்டு ஓடிவிடும். தாமதித்தால் வேறு நஷ்டம். முட்டையிட இடமில்லாமல் ராணி திணறும். அடையின் அடிவிளிம்பில் ராணி அறைகள் முளைக்கும். அவற்றில் ஒன்று மூடப்பட்டதும் பழைய ராணி பாதிக் கூட்டத்தோடு பறந்துவிடும். புங்கம்பூவுக்குப் போக வேண்டிய வயசு ஈக்களும் அதில் அடக்கம். மூடிய ராணி அறையைப் பார்த்த பிறகு மேல்பெட்டி ஏற்றுவதில் பயனில்லை, கூட்டத்தை நாமே இரண்டாகப் பிரித்து வைப்பதுதான் வழி. அந்த வருஷம் தேன் குறையும், ஆனால் பெட்டி இரண்டாகும்.

ஏற்றும் முறைக்கு வருகிறேன். போன வருஷத்துக் கட்டிய அடை இருந்தால் அதுதான் சொத்து. ஈ மெழுகு சுரக்கத் தேனைத்தான் செலவழிக்கிறது, ஒரு கிலோ மெழுகுக்குப் பல கிலோ தேன். கட்டிய அடை கொடுத்தால் அந்தத் தேன் நமக்கு மிச்சம். புதிதாகத் தொடங்குபவர்கள் மெழுகுத் தாளை ஒட்டலாம், அல்லது அடைத் துண்டைச் சட்டத்தில் வைத்து வாழைநாரால் கட்டலாம். ஈயே அதை ஒட்டிவிட்டு நாரைக் கடித்துத் துப்பிவிடும். வேலையைச் சாயங்காலம் வைத்துக்கொள்ளுங்கள். புகை லேசாக, தேங்காய் நார் போட்டால் போதும். நம் தோப்பில் அதற்குப் பஞ்சமா?

தளிப் பக்கம் ஒரு பெரியவர் இருக்கிறார். எழுபது தாண்டியவர், பெட்டி வைத்த காலத்திலிருந்து வருஷா வருஷம் மரம் பூக்கிற நாளை நோட்டில் எழுதிவைப்பவர். இந்தக் கணக்கையெல்லாம் எனக்குப் பழக்கியவர் அவர்தான். ஒரு முறை கேட்டேன்.

"ஏனுங்கய்யா, பெட்டியத் தொறந்து பாக்கறதுக்கே இவ்வளவு யோசிக்கறீங்களே?"

"தொண்ணூத்தொண்ணுல பாத்தவன் கண்ணு நானு. பொழுதாகப் பொழுதாகப் புழு பூராம் தண்ணி கோத்துக்கிட்டுச் செத்துது. ஒரு தோட்டத்துல தொட்ட கையோட இன்னொரு தோட்டத்துல போயித் தொட்டோமுங்கறதே அப்பறமாத்தேன் தெரிஞ்சுது."

அவர் சொல்வது 1991, 92இல் தென்னிந்தியாவில் பரவிய தாய் சாக்புரூட் நச்சுயிரி நோயை. புழு கூட்டுப்புழு ஆவதற்குள் நீர் கோத்த பை மாதிரி ஆகி இறந்துவிடும். தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம் முழுக்க 90 விழுக்காட்டுக்கும் மேல் நாட்டுத் தேனீக் கூட்டங்கள் அழிந்தன. தப்பிப் பிழைத்தவற்றிலிருந்துதான் இன்றைக்கு நம்மிடம் உள்ளவை பெருகின. மேல்பெட்டி ஏற்றும் நாளில் சில காரியங்களில் பெரியவர் கண்டிப்பு: ஒரு தோட்டத்துக் கட்டிய அடையை இன்னொரு தோட்டத்துக்குக் கொடுக்கமாட்டார், கத்தியைக் கொதிநீரில் முக்காமல் அடுத்த பெட்டியைத் தொடமாட்டார். தூரத்திலிருந்து மலிவாக வரும் பெட்டிகளை வாங்கி உடனே மற்றவற்றின் பக்கத்தில் வைக்காதீர்கள் என்று நானும் கேட்டுக்கொள்கிறேன்.

முதல் மேல்பெட்டி முக்கால்வாசி நிறைந்தால் இரண்டாவதைக் கீழ்ப்பெட்டிக்கும் முதலாவதுக்கும் நடுவில் செருகலாம். ஈ அந்த இடைவெளியை விரும்பாது, வேகமாக நிரப்பும். ஆனால் பூ குறையத் தொடங்கிய பிறகு அதைச் செய்யக்கூடாது. எடுப்பதிலும் ஆத்திரம் வேண்டாம். அறைகளில் முக்கால்வாசி மெழுகால் மூடியிருந்தால்தான் தேன் பக்குவம். உணவுப் பாதுகாப்பு விதிகள் தேனில் ஈரம் 20 விழுக்காட்டுக்கு மேல் போகக்கூடாது என்கின்றன. நாட்டு ஈத் தேனுக்கு அது எட்டாத உயரம் என்று சிலர் சொல்கிறார்கள். மூடிய அடையை மட்டும், வெயில் நாளில் எடுத்தால் நெருங்கிவிடலாம் என்பது என் எண்ணம். சித்திரையில் கோடை மழை பெய்தால் எடுப்பைச் சில நாள் தள்ளிப்போடுங்கள். மழை புங்கம்பூவைக் கழுவிவிடும், காற்றில் ஈரம் ஏறும், திறந்த அறைத் தேன் புளிக்கும். ஒரு பெட்டிக்கு வருஷத்தில் 6, 7 கிலோ வந்தால் நாட்டு ஈயில் அது நல்ல மகசூல். இத்தாலிய ஈயின் கணக்கைக் கேட்டு மனம் தளர வேண்டாம். அது வேறு ஈ, அதை ஊர் ஊராகத் தூக்கிக்கொண்டு போய்ப் பூ காட்ட வேண்டும்.

பூவைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லாமல் முடிக்க முடியவில்லை. சொட்டுநீர் போடவும் டிராக்டர் திரும்பவும் தடையென்று வரப்பு மரங்களை வெட்டிவிட்டு, எல்லை வரைக்கும் தென்னை நட்ட தோட்டங்கள் நம் பக்கம் கூடிக்கொண்டே வருகின்றன. வெள்ளை ஈ தாக்கி, வாடல் நோய் கண்டு, தென்னையே தள்ளாடும்போது ஒரு புங்கனுக்கு யார் வாதாடுவார்கள்? நான் வாதாடுகிறேன். வாய்க்கால் ஓரத்தில் ஏக்கருக்கு நாலு புங்கன், இரண்டு வேம்பு நின்றால் காய் பிடிப்புக்கு உதவும் ஈ உங்கள் தோப்பிலேயே தங்கும்.

மக்காச்சோளக்காரர்களிடமும் ஒரு வேண்டுகோள். 2018இல் படைப்புழு வந்ததிலிருந்து மருந்தடிப்பு கூடிவிட்டது. குருத்தில் புழு இருக்கும் இளம் பயிரில் அடிப்பது உங்கள் தேவை, புரிகிறது. ஆண் கதிர் வெளியே வந்த பிறகு காலை நேரத்தில் அடிக்காதீர்கள். ஈ அந்த மகரந்தத்துக்கு விடியற்காலையிலேயே வந்துவிடும். சாயங்காலம் அடியுங்கள், முந்தின நாள் பக்கத்துத் தோட்டத்துக்காரருக்கு ஒரு போன் போட்டுவிடுங்கள். பட்டுப்புழு வளர்ப்பவர்களும் உங்களுக்கு நன்றி சொல்வார்கள், மல்பெரி இலையில் படும் சாரலுக்கு அவர்கள் படும் கஷ்டமும் இதேதான்.

வைகாசிக் கடைசியில் புளியம்பூ இருக்கும்போதே மேல்பெட்டியை இறக்கிவிடுங்கள். இன்னும் கொஞ்சம் கிடைக்கும் என்று காற்று தொடங்கும் வரை விட்டால், ஈ மேலே சேர்த்ததைத் தானே தின்னத் தொடங்கும், அடையும் பூச்சிக்குப் போகும். பிழிந்த அடைகளைச் செய்தித்தாளில் சுற்றி, காற்றுப் புகாத டப்பாவில் வைத்து மாதம் ஒரு முறை பாருங்கள், வரும் மாசிக்கு அவை வேண்டும். கீழ்ப்பெட்டித் தேனில் கைவைக்காதீர்கள். ஆனி முதல் புரட்டாசி வரைக்கும் கூட்டம் அதை வைத்துத்தான் பிழைக்க வேண்டும். காற்றுக்காலத்தில் பெட்டி வாசலைக் கிழக்குப் பார்த்துத் திருப்பி, மேல்மூடியில் ஒரு கல் ஏற்றி, தாங்குகால்களைச் சுற்றியுள்ள கிண்ணத்தில் எறும்பு ஏறாமல் தண்ணீர் இருக்கிறதா என்று வாரம் ஒரு தரம் பார்த்துக்கொண்டால் போதும்.